மொழித்தேய்வுச் சமன்பாட்டில் வரும் ‘ஸ்டேட்டஸ்’: தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்புக் கணித மன்றத்துக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு மொழி பேசுவோர் குறைந்துகொண்டே போவதைக் கணக்கிட, ஏப்ரம்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003-இல் வெளியிட்ட மொழித்தேய்வு மாதிரியைத் தமிழில் எழுதுகிறேன். பெரு நாட்டின் உவாந்தாவில் கெச்சுவா மொழி தேய்ந்த தரவும் அதில் உண்டு. ஒருவர் தம் மொழியை விட்டு மாறும் நிகழ்தகவு, மற்ற மொழி பேசுவோரின் விகிதத்தையும் அதன் ‘ஸ்டேட்டஸை’யும் பொறுத்தது. ‘மதிப்பு’ என்று போட்டால் ‘மதிப்பின் மதிப்பு 0-க்கும் 1-க்கும் இடையில்’ என்று வந்து நிற்கிறது. வேறு சொல் தாருங்கள்.

*

தம்பி, ‘வீறு’ இருக்கிறதே! ‘வீறெய்தி மாண்டார்’ (குறள் 665). வேறு, வீறு: பிறிதொன்றுக்கு இல்லாத தனிச்சிறப்பு. விறலும் (வெற்றி) இதே வேர் என்பது என் துணிபு. ஆடிப் பாடும் விறலியையும் சேர்க்கலாம், அதைத் தனிமடலில் விரிக்கிறேன்.

*

ஐயா, ‘வீறு’ என்றால் பிள்ளைகளுக்குக் குழந்தை வீறிட்டு அழுவதுதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த எண் மொழியின் சிறப்பை அளக்கவே இல்லை. அந்த மொழி தெரிந்தால் வேலை கிடைக்குமா, நாலு பேர் மத்தியில் எடுபடுமா என்பதைத்தான் அளக்கிறது. இன்கா பேரரசின் ஆட்சிமொழி கெச்சுவா. வீறுக்கு என்ன குறை? 1975-இல் பெரு அதற்கு அரசுமொழித் தகுதியும் கொடுத்தது. நகரத்து வேலைக்கு ஸ்பானியம்தானே கேட்டார்கள்? ‘செல்வாக்கு’ போதும்.

*

செல்வாக்கு எனக்கும் சரி. ஆனால் தாயிடமிருந்து பிள்ளைக்கு மொழி போவது இந்தச் சமன்பாட்டில் எங்கே? இருமொழியாளரும் இல்லை. ஸ்பெயினின் கலீசிய மொழியை ஆராய்ந்த மிராவும் பரேதெஸும் 2005-இல்தான் இருமொழியாளரைச் சேர்த்தார்கள். அவர்கள் கணக்கில், இரு மொழிகளும் போதுமான அளவு ஒத்திருந்தால் இரண்டும் பிழைக்க வழி உண்டு. உங்கள் 2003 மாதிரியில் ஒன்று செத்தே தீரும். இதையும் பாடத்தில் சொல்லுங்கள்.

அப்புறம், மொழி பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வதை ‘தலைமுறைக் கடத்தல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சுங்கத்துறை வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘கையளித்தல்’ என்போம்.

*

நன்றி. செல்வாக்கு, கையளிப்பு இரண்டையும் போட்டு அனுப்புகிறேன். கலீசிய மாதிரிக்கு அரைப் பக்கம்தான் இடம் இருக்கிறது.

*

செல்வாக்கில் தேர்தல் வாடை அடிக்கிறது. மொழிக்கு அது ஆகாது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடிக்குறிப்பிலாவது வீறு வரட்டும். விறலி மடல் நாளை.