ஏற்றத்தில் நின்றுபோகும் கார்புரேட்டர்: ப்ளோட்டைத் தொடலாமா, கூடாதா?

மலைச்சக்கரம்:
பழைய நாலு சிலிண்டர் ஜீப். ஒற்றை பேரல் கார்புரேட்டர், ப்ளோட் சேம்பர் (பெட்ரோல் தேங்கும் கிண்ணம், அதில் மிதக்கும் ப்ளோட்தான் மட்டத்தைக் காக்கும்) வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கிறது, மெக்கானிக்கல் பம்ப். தார் ரோட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கல்லும் மண்ணுமான செங்குத்து ஏற்றத்தில் லோ ரேஞ்சில் ஊர்ந்து ஏறும்போதுதான் வம்பு, இஞ்சின் தடுமாறித் தடுமாறி நின்றுவிடுகிறது, அப்புறம் உடனே ஸ்டார்ட் ஆவதும் இல்லை. மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளை) ஒரு சைஸ் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

ஊசிவால்வு:
ஜெட்டில் கை வைக்காதீர்கள். சமதளத்தில் ஒழுங்காக ஓடுகிற ஜெட், ஏற்றத்துக்கு வந்ததும் எப்படித் தப்பான ஜெட் ஆகும்? அங்கே மாறுவது சேம்பரில் பெட்ரோல் நிற்கும் மட்டம். முன்பக்கச் சேம்பர் என்றால் வண்டி மூக்கைத் தூக்கியதும் சேம்பர் மேலே போய்விடும், வென்சுரிக்குள் (காற்று போகும் குறுகலான தொண்டை) இருக்கும் நாசில் அதைவிடக் கீழே வந்துவிடும். இஞ்சின் உறிஞ்சவே வேண்டாம், பெட்ரோல் தானாக வழியும்.

அடுத்த முறை நின்றவுடன் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, சாவியை அணைத்துவிட்டு, ஏர் பில்டர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். நாசில் நுனியிலிருந்து பெட்ரோல் சொட்டி த்ராட்டில் தகட்டின் மேல் தேங்கியிருந்தால் ரிச், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகம். ப்ளக்கைக் கழற்றினால் நனைந்து கறுப்பாக இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ப் அடித்தால் கறும்புகை விட்டு எடுக்கும். நிற்பதற்கு முன் கார்புரேட்டர் வழியாக டப் டப் என்று இருமினால் அது லீன் (பெட்ரோல் பத்தவில்லை), அது வேறு கதை. (எட்டிப் பார்க்கும்போது யாரையும் செல்ப் அடிக்க விடாதீர்கள், பேக்ஃபயர் வந்தால் புருவம் இருக்காது.)

ரிச்தான் என்று தெரிந்தால் ப்ளோட் மட்டத்தை 1.5 மிமீ இறக்குங்கள், போதும்.

கணக்குப்பிள்ளை:
நோய் சரி, மருந்து பத்தாது. சேம்பரின் நடுவிலிருந்து நாசில் வரை 40 மிமீ என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி ஏற்றத்தில் நாசில் பக்கம் மட்டம் எவ்வளவு உயரும்? 40-ஐ 0.577-ஆல் (30 டிகிரியின் டேன்ஜென்ட்) பெருக்குங்கள், 23 மிமீ. அதற்கு எதிரே நீங்கள் இறக்கச் சொல்வது ஒன்றரை. அது எந்த மூலைக்கு? இறக்கத்தில் இதே கணக்கு தலைகீழாகும், மட்டம் 23 மிமீ தாழும், நீங்கள் குறைத்த ஒன்றரையும் அதோடு சேரும். ஏறும்போது ரிச்சில் நின்ற வண்டி இறங்கும்போது லீனில் நிற்கும். இஞ்சின் பிரேக்கை நம்பி இறங்குகிற இடத்தில் இஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊசிவால்வு:
காகிதத்தில் வண்டி குதிக்காது சார். கல் மேல் ஏறி இறங்கும்போது ப்ளோட்டும் குதிக்கிறது, ஒவ்வொரு குதிப்புக்கும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் சீட்டை விட்டு எழும்புகிறது, தேவையில்லாத பெட்ரோல் உள்ளே வருகிறது, மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. சாய்வு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அந்த ஒன்றரை மிமீ சாய்வைச் சமாளிக்க இல்லை, இந்தக் குதிப்புக்கு விடும் இடம். அப்புறம் 30 டிகிரி என்பது நின்று பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் ஏற்றம், பெரும்பாலும் நாம் ஏறுவது 15 பக்கம். உங்கள் கணக்கிலேயே அது 11 மிமீதான். விளிம்பில் நிற்கும் வண்டிக்கு ஒன்றரையும் பெரிசு.

கணக்குப்பிள்ளை:
நீடில் எழும்புவதுதான் பிரச்சினை என்றால் நீடிலைத் தள்ளுவது யார் என்று பாருங்கள். பம்ப் பிரஷர். பல மெக்கானிக்கல் பம்புகள் 4 முதல் 7 பிஎஸ்ஐ வரை தள்ளும். வெபர் மாதிரி கார்புரேட்டருக்கு 3 பக்கம் இருந்தாலே தாராளம். அதற்கு மேல் போனால் லேசான அதிர்ச்சிக்கே நீடில் தோற்றுவிடும். லைனில் ஒரு கேஜ் மாட்டி அளந்துவிட்டு, அதிகம் இருந்தால் ரெகுலேட்டர் போடுங்கள், கிடைத்தால் ஸ்ப்ரிங் வைத்த நீடிலும் போடுங்கள். மட்டம் கம்பெனி சொன்ன அளவிலேயே இருக்கட்டும்.

சேம்பருக்குக் காற்று விடும் வென்ட்டை யாரும் பேசவில்லை. சேம்பர் வென்ட் துளை வழியாகவும் பெட்ரோல் தளும்பி நேரே தொண்டைக்குள் விழும். சின்ன குழாய் வைத்து அதை உயர்த்தலாம், ஆனால் முனை ஏர் பில்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே இழுத்துவிட்டால் பில்டர் தூசியில் அடைக்க அடைக்க கலவை ரிச் ஆகிக்கொண்டே போகும். ஆஃப்ரோடில் பில்டர் அடைப்பதற்குக் கேட்கவா வேண்டும்.

ஊசிவால்வு:
வென்ட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். பிரஷரும் பார்க்க வேண்டியதுதான். ப்ளோட்டைத் தொடவே கூடாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பின்சீட்டு:
எதற்கு இவ்வளவு பாடு? கார்புரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் மாட்டுங்கள். ப்ளோட் இல்லை, சேம்பர் இல்லை, வண்டி செங்குத்தாக நின்றாலும் இன்ஜெக்டர் அளந்துதான் தெளிக்கும். உயரம் போனால் கம்ப்யூட்டரே குறைத்துக்கொள்ளும். இந்தக் காலத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு மலையேறுவது வீம்பு.

ஊசிவால்வு:
இன்ஜெக்டர் அளந்து தெளிக்கும் சார், டேங்கிலிருந்து பெட்ரோல் வந்தால். சாய்வில் டேங்கில் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்கி பிக்கப் குழாய் காற்றை இழுத்தால் இன்ஜெக்ஷன் வண்டி உடனே திணறும். கார்புரேட்டர் வண்டிக்குச் சேம்பரில் இருப்பு இருக்கிறது, ஊர்ந்து போகும் வேகத்தில் அந்தக் கொஞ்சம் கைகொடுக்கும். தடுப்பு இல்லாத பழைய டேங்கை வைத்துக்கொண்டு இன்ஜெக்ஷன் மாட்டினால் நடுவில் ஒரு சின்ன சர்ஜ் டேங்கும் (எப்போதும் பெட்ரோல் இருப்பு வைக்கும் துணை டேங்க்) வேண்டும். அதற்கு இன்னொரு பம்ப், இன்னொரு ரிலே, இன்னும் வயர். காட்டுக்குள் சென்சார் போனால் எதை வைத்து ஒட்டுவீர்கள்?

பின்சீட்டு:
சர்ஜ் டேங்க் ஒரு தடவை மாட்டுகிற வேலை. நீங்கள் ஆயுளுக்கும் ப்ளோட்டை வளைத்துக்கொண்டிருப்பீர்கள். எலக்ட்ரிக் பம்ப் எதில் போட்டாலும், கார்புரேட்டரானாலும் சரி, ஆயில் பிரஷர் விழுந்ததும் பம்பை நிறுத்தும் சுவிட்ச் வையுங்கள். கவிழ்ந்து கிடக்கும் வண்டியில் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கே போகும்? சூடான எக்ஸாஸ்ட் மேல்தான்.

கணக்குப்பிள்ளை:
இது மட்டும் பின்சீட்டு சொன்னதில் நூற்றுக்கு நூறு.

உயரவாசி:
ஜெட்டைத் தொடவே கூடாது என்கிறார்கள். மெக்கானிக்கை அவ்வளவு எளிதில் தள்ளிவிடாதீர்கள். 3000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கால் பங்கு குறைவு. கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைக்கும், ஆனால் அதே அளவு குறைக்காது, கலவை ஏறக்குறைய 15 சதவீதம் ரிச் ஆகிவிடும். அங்கே தங்கி ஓட்டுகிறவர் ஜெட் மாற்றத்தான் வேண்டும். வண்டியின் சாய்வு, இடத்தின் உயரம் இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை.

மலைச்சக்கரம்:
நான் ஓட்டும் இடம் அவ்வளவு உயரம் இல்லை, அதனால் ஜெட் அப்படியே இருக்கட்டும். நீங்கள் சொன்னபடி ஏற்றத்தில் நின்றதும் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், நாசிலிலிருந்து சொட்டுகிறது, ப்ளக் நனைந்து கறுப்பு. கேஜ் மாட்டியதில் ஐடிலில் 6 பிஎஸ்ஐ. இன்னொன்று, வெயிலில் ரொம்ப நேரம் ஊர்ந்தபிறகு சமதளத்திலேயே திணறுகிறது, ப்யூல் பில்டரில் குமிழ் குமிழாகத் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை:
6 என்றால் பாதி பதில் அங்கேயே இருக்கிறது. குமிழ் வேப்பர் லாக் (பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி வழியை மறிப்பது), ஊரும் வேகத்தில் பானட்டுக்குள் காற்றோட்டம் கிடையாது, எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். லைனை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். ரிட்டர்ன் லைன் வைத்த பில்டர் போட்டால் சூடான பெட்ரோல் தேங்காமல் டேங்குக்கே திரும்பும். கார்புரேட்டருக்கு அடியில் தடிமனான ஹீட் இன்சுலேட்டர். ரெகுலேட்டரை 3-க்கு வைத்து ஓட்டிப் பார்க்காமல் ப்ளோட் பக்கம் போகாதீர்கள்.

ஊசிவால்வு:
3-க்கு வைத்த பிறகும் சொட்டினால் ப்ளோட் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். வளைக்கும்போது ப்ளோட்டின் நாக்கை (நீடிலைத் தொடும் சின்னத் தகடு) நீடில் மேல் அழுத்தி வளைக்காதீர்கள், முனை நசுங்கினால் அப்புறம் எந்த மட்டமும் நிற்காது. அரை மிமீ இறக்கி, ஏற்றத்தில் ஒரு தரம், அதே சரிவில் மூக்கு கீழே வைத்து ஒரு தரம் ஐடிலில் நிறுத்திப் பாருங்கள். இறக்கத்தில் இரும ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கணக்குப்பிள்ளை சார் அப்போது சந்தோஷப்படட்டும்.

கணக்குப்பிள்ளை:
பிரஷர் அளவையும் சேர்த்து எழுதுங்கள், அப்போதுதான் யார் ஜெயித்தது என்று தெரியும்.