டஸ்டர் முன் பிரேக்: உள் பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது, டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமா?

நாமக்கல் டஸ்டர்:

நண்பர்களுக்கு வணக்கம். எங்களிடம் இருப்பது 2015ஆம் ஆண்டு ரெனோ டஸ்டர். நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் செல்லும் டீசல் வண்டி. என் மாமனார் வீடு கொல்லிமலையில் இருப்பதால், காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் அடிக்கடி ஏறி இறங்குகிறோம். மேலே போன பிறகு தோட்டத்துக்குச் செல்லும் மண்பாதையில், மழைக்காலத்தில் சேற்றையும் ஓடைத் தண்ணீரையும் கடக்க வேண்டியிருக்கும்.

சில வாரங்களாக இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. இடது முன் சக்கரத்திலிருந்து கிறீச்சென்ற சத்தமும் வருகிறது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளில், இடது பக்கத்தின் உள் பேடில் உராய்வுப் பொருள் 2 மி.மீ.க்கும் குறைவாகவும், அதே சக்கரத்தின் வெளி பேடில் 6 மி.மீ. அளவுக்கும் இருந்தது. வலது பக்கத்தில் இரண்டு பேடுகளும் ஏறக்குறைய 5 மி.மீ. இருக்கின்றன. இடது டிஸ்க்கின் ஓரத்தில் விரலில் தட்டுப்படும் அளவுக்கு மேடு ஏறியிருக்கிறது.

ஒரு பணிமனையில் முன்பக்க டிஸ்க்குகளையும் பேடுகளையும் மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். இன்னொரு பணிமனையில் டிஸ்க்கை லேத்தில் கடைந்துவிட்டு, பேடை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். செலவைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. எது சரியென்று புரிந்துகொண்டு செய்ய விரும்புகிறேன். ஜாக்கி, தாங்கு ஸ்டாண்டுகள், போல்ட்டைக் குறித்த அளவு விசைக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஆகியவை வீட்டில் இருக்கின்றன. நானே இந்த வேலையைச் செய்யலாமா?

ஸ்பானர் செட்டு:

முதலில் ஒரு வேண்டுகோள்: இந்த வேலை முடியும்வரை அந்த வண்டியில் மலையிறங்காதீர்கள். பேட் மெலிந்துவிட்டால், டிஸ்க்கின் சூடு பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் எளிதாகக் கடத்தப்படும். உராய்வுப் பொருள் தேய்ந்து தீர்ந்து, பின்னால் உள்ள இரும்புத் தகடே டிஸ்க்கை அறுக்கத் தொடங்கினால் பிரேக்கின் பிடிப்பே மாறிவிடும்.

இரண்டு பணிமனைகளும் உங்கள் வண்டி சொல்லும் முக்கியமான செய்தியைத் தவறவிட்டிருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரே சக்கரத்தில் உள் பேட் முற்றிலும் தேய்ந்து, வெளி பேட் பாதிக்கு மேல் மிஞ்சியிருப்பது இயல்பான தேய்மானம் அல்ல. உங்கள் வண்டியின் முன் காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) ஒற்றைப் பிஸ்டன் கொண்டது. பிஸ்டன் உள் பேடை நேரடியாகத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தின் எதிர்விசையால் காலிப்பர் முழுவதும் தன் இரண்டு வழிகாட்டிப் பின்களின் மேல் நகர்ந்து வெளி பேடை இழுத்து அழுத்துகிறது. பின்னில் துரு ஏறியோ கிரீஸ் காய்ந்தோ காலிப்பர் நகர முடியாமல் போனால், ஏறக்குறைய எல்லா வேலையும் உள் பேடின் தலையில் விழும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையில் சிறு கிழிசல் இருந்தாலும் சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து இதைச் செய்துவிடும் என்பதால், மண்பாதையில் ஓடும் வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம். இதைச் சரிசெய்யாமல் புதிய டிஸ்க்கையும் பேடையும் போட்டால் அவையும் இதேபோல் தேயும்.

ஆகவே காலிப்பரைக் கழற்றியதும் இரண்டு பின்களையும் கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பர் உறைகளைப் புதிதாக மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸைத் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் கூடாது; அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் இந்த ரப்பரை ஊதவைத்து, பின்னை முன்பைவிட மோசமாகச் சிக்கவைக்கும்.

அடுத்து பிஸ்டனை உள்ளே தள்ளிப் பாருங்கள். சீராக உள்ளே போனால் நல்லது. முரண்டு பிடித்தால் ஆயில் வெளியேற்றும் திருகைச் சற்றே திறந்து மீண்டும் தள்ளுங்கள். அப்போது எளிதாகப் போய்விட்டால், காலிப்பருக்கு ஆயிலைக் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கலாம். அப்போதும் போகாவிட்டால் பிஸ்டனே சிக்கியிருக்கிறது, காலிப்பரைப் பிரித்து சீல் மாற்ற வேண்டும்.

மலைச்சாலை:

டிஸ்க்கைப் பற்றி நான் சொல்கிறேன். மாற்றுவதா கடைவதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தால் தெரியும். அளக்கும்போது கவனம் தேவை. சாதாரண வெர்னியரின் தாடைகள் ஓரத்து மேட்டின் மேல் உட்கார்ந்துகொள்வதால், தேய்ந்த டிஸ்க்கும் தடிமனாக இருப்பதுபோல் அளவு காட்டும். மைக்ரோமீட்டரால் பேட் உரசும் பாதையிலேயே, சுற்றிலும் ஆறேழு இடங்களில் அளந்து, அவற்றில் மிகக் குறைந்த அளவைக் கணக்கில் கொள்ளுங்கள்.

கடைந்த பிறகும் அந்தக் குறைந்தபட்சத் தடிமனைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தால் மட்டுமே லேத் என்பது நியாயமான யோசனை. உங்களுடையதுபோல் உள்ளே காற்றோட்டக் குழிகள் கொண்ட முன் டிஸ்க்குகளில் தேய்மானத்துக்கு விடப்படும் இடம் பெரும்பாலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். மெலிந்த டிஸ்க்குக்குச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும் இரும்பு குறைவு. கொல்லிமலை இறக்கத்தில் அந்த இரும்புதான் உங்களுக்குத் தேவைப்படுகிறது. ஏழு வளைவு இறங்கும் வண்டியாக இருந்தால்கூட யோசிக்கலாம், எழுபது வளைவுக்கு நான் புதிய டிஸ்க்கையே போடுவேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் முன் அச்சின் இரண்டு டிஸ்க்குகளையும் நான்கு பேடுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்; இல்லையேல் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும்.

ஸ்டீயரிங் நடுக்கத்துக்கு "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று காரணம் சொல்வது வழக்கம். பல நேரங்களில் உண்மைக் காரணம் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவில் இல்லாததுதான். அதுவும் பெரும்பாலும் டிஸ்க்கும் சக்கரமும் பொருத்தப்படும் நடுப்பகுதியான ஹப்பில் தொடங்குகிறது. ஹப் முகத்தில் மெல்லிய துருத்தகடு மிச்சமிருந்தால் டிஸ்க் மிகச் சிறிதளவு சாய்ந்து உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசி, நாளடைவில் அங்கே மட்டும் மெலியும். ஆகவே பழைய டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு திருகுகளைக் கழற்றியதும், ஹப் முகத்தை உப்புத்தாளாலும் கம்பி பிரஷாலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். அரை மணி நேரம் பிடித்தாலும் அவசரப்பட வேண்டாம்.

நாமக்கல் டஸ்டர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலிப்பரைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பானர் செட்டு சொன்னதுபோலவே இடதுபக்கக் கீழ்ப் பின் அசையவே இல்லை. அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே காய்ந்த சேறு இருந்தது. பிஸ்டன் எளிதாக உள்ளே போகிறது. மைக்ரோமீட்டரை இரவல் வாங்கி அளந்ததில், இடது டிஸ்க் பொறிக்கப்பட்ட அளவுக்குக் கீழே போய்விட்டது, வலது டிஸ்க் அதையொட்டி இருக்கிறது. எனவே கடைவதற்கு இடமே இல்லை. டிஸ்க்குகள், பேடுகள், பின், உறை எல்லாம் வாங்கப் போகிறேன். துளையிட்ட டிஸ்க்குகள் சூட்டை வேகமாக வெளியேற்றும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? பூட்டும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்பானர் செட்டு:

துளையிட்டது வேண்டாம். துளைகளின் ஓரத்தில் வெடிப்பு தொடங்குவதுண்டு, துளைகளில் சேறும் அடைத்துக்கொள்ளும். குடும்ப வண்டிக்கு வண்டியோடு வந்த அதே அளவுள்ள சாதாரணக் காற்றோட்ட டிஸ்க்கே போதும்.

வேலையைச் சமதளத்தில் செய்யுங்கள். கை பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டிவையுங்கள். பிரேக் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். சுவாசிக்கக் கூடாத தூசி அது, ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ துடையுங்கள். புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதையும் பிரேக் கிளீனரால் முழுமையாக நீக்காவிட்டால் புதிய பேட் முதல் நாளே கெட்டுவிடும். பிஸ்டனைத் தள்ளும்போது மேலே உள்ள ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழிந்தால் பெயிண்ட்டை அரித்துவிடும். போல்ட்டுகளையும் சக்கரத்தையும் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கே, டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். சக்கரத்தைக் குறுக்கு வரிசையில் இறுக்க வேண்டும்.

எல்லாம் பூட்டியதும், வண்டியை ஓர் அடிகூட நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். பின்னால் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் சில அழுத்தங்களில் பிரேக்கே இருக்காது. வாசலிலேயே வண்டியை மோதவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

மலைச்சாலை:

ஆயிலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ இதில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகிய பிறகே மலைக்குப் போங்கள். போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை, மிதமாக அழுத்தி, இடையில் ஆறவிட்டு, பத்து முறைபோல் குறையுங்கள். சூடாக இருக்கும்போது முழுவதும் நின்று பெடலை அழுத்திக்கொண்டிருந்தால், பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒட்டி, நடுக்கம் மீண்டும் வந்துவிடும்.

உங்கள் வண்டியில் முதல் கியர் மிகவும் தாழ்வானது. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில், மிகச் செங்குத்தான இடத்தில் முதல் கியரில் இறங்கி, இன்ஜினே வேகத்தைப் பிடித்துவைக்கும்படி விடுங்கள். அப்போது பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டால் போதும். சேற்றில் ஓட்டிய பிறகு சக்கரத்தின் உள்பக்கத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பின்களை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.