‘மிஸ்’ என்ற வினைச்சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன? உங்கள் அனுபவங்கள்

ஏழாம் வகுப்பு அம்மா:
எதிர்ச்சொல் பகுதியில் வாக்கியம் இல்லாமல் ‘மிஸ்’ என்று மட்டும் கொடுத்திருந்தார்கள். மகள் ‘ஹிட்’ என்று எழுதினாள். சிவப்பு மையில் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘கேட்ச்’. பள்ளியில் கேட்டால், நோட்ஸில் உள்ளதுதான் விடை என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: “குறி தப்பினால் மிஸ். குறியில் பட்டால் கேட்ச்சா அம்மா?” இன்னும் ஆறவில்லை எனக்கு.

கிராமத்து ஆங்கில ஆசிரியர்:
இதே சொல்தான். பஸ்ஸுக்கு ‘கேட்ச்’, வகுப்புக்கு ‘அட்டெண்ட்’ என்று பிள்ளைகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் எழுந்து, “ஐ மிஸ் மை ஃபாதர் என்பதற்கு என்ன சார்?” என்றான். அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ‘நாட்’ சேர்க்கலாம் என்று ஒருவன் சொன்னதும், “அது பொய்யாகிவிடுமே” என்றான். கரும்பலகையில் அந்த வரிக்கு எதிரே நான் எதையும் எழுதவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆயிரம் தாள் திருத்துகிறவருக்கு ஒரே விடை வேண்டும். அவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. மகளுக்கு வேறு பழக்கம் கற்றுக்கொடுங்கள். வினையைத் தனியே பார்க்காமல், அது எதைப் பற்றி நிற்கிறது என்று முதலில் பார்க்கட்டும். அழைப்பை ‘ரெஃப்யூஸ்’ செய்தால் எதிர்ச்சொல் ‘அக்செப்ட்’. அனுமதியை ‘ரெஃப்யூஸ்’ செய்தால் ‘கிராண்ட்’, அதாவது வழங்குதல். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985-இல் தொடங்கிய வேர்ட்நெட் என்ற சொற்களஞ்சியமும் எதிர்ச்சொல்லைப் பொருளுக்குப் பொருள் தனியாகத்தான் இணைக்கிறது. இணையத்தில் இலவசம். தினம் ஒரு வினையை எடுத்து மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர் வாக்கியம். எதிர்ச்சொல் கிடைக்காத வாக்கியத்தை அப்படியே விடட்டும், வலிந்து நிரப்ப வேண்டாம். என் அனுபவம் சிறியது: அனுமதி மறுக்கப்பட்ட செய்தியின் மறுநாள் தொடர்ச்சியில், அனுமதி ‘அக்செப்ட்’ ஆனதாக ஒருவர் எழுதி அனுப்பினார். அச்சுக்குப் போகும் முன் பிடித்தோம்.

ஏழாம் வகுப்பு அம்மா:
ஒரே விடைதான் வேண்டும் என்றால் வாக்கியத்தோடு கேட்கட்டுமே. அதற்கு எத்தனை மை செலவாகும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை யோசித்து எழுதியதை அடிப்பதற்கு நேரமின்மை காரணமாகாது.

வேலை தேடியவன்:
அம்மா சொல்வதே சரி. நேர்முகத் தேர்வில் என்னிடம் ‘லீவ்’ என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டார்கள். ‘ஜாயின்’ என்றேன். கேட்டவர் தலையசைத்து மறுத்தார். அவருக்கு ‘அரைவ்’ வேண்டும். பக்கத்தில் இருந்த அம்மையார் குறுக்கிட்டு, “வேலையில் சேர வந்தவருக்கு அதுதானே முதலில் தோன்றும்?” என்றார். அவர் மட்டும் என் விடைக்கு மதிப்பெண் போட்டார்.