முப்பரிமாண ஸ்கேனில் முக வடிவத்தை அளக்கலாம், அழகையும் அளக்க முடியுமா?

கேள்வி:
முப்பரிமாண ஸ்கேனரில் பதிவான முகங்களை வைத்து முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். கண்களின் ஓரங்கள், மூக்கு நுனி, உதட்டோரங்கள், மோவாய் என 20 புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவுகளின் விகிதங்கள் 1.618 என்ற பொன்விகிதத்தை எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்த்து, ஒவ்வொரு முகத்துக்கும் அழகு மதிப்பெண் தர எண்ணியிருக்கிறேன். ஆனால், ஒரே பதிவில் மறுநாள் மீண்டும் புள்ளி வைத்தபோது மூக்கு நுனி அதே இடத்தில் விழ, தாடைக் கோணம் (காதுக்குக் கீழே தாடை எலும்பு வளையும் மூலை) மட்டும் சில மில்லிமீட்டர் விலகிவிட்டது. பிழை கருவியினுடையதா, என்னுடையதா?

மறுமொழி 1:
இரண்டும் அல்ல. மூக்கு நுனி தெளிவான முகடு. தாடைக் கோணமோ எலும்பில் இருப்பது, தோலின் மேல் அது மெல்ல வளையும் பரப்பாகவே தெரியும். கையால் அளப்பவர்கள் அதை விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பார்கள். நீங்களும் பதிவெடுக்கும் முன்பே தடவிப் பார்த்து, அந்த இடத்தில் மையால் சிறு புள்ளி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முகத்திலும் இருமுறை புள்ளி குறித்து, வேறுபாட்டை ஆய்வேட்டிலேயே கொடுங்கள்.

மறுமொழி 2:
புள்ளிச் சிக்கலைவிடப் பொன்விகிதமே எனக்குக் கவலை தருகிறது. 20 புள்ளிகளுக்கிடையே 190 தொலைவுகள் உண்டு. அவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 17,955 இணைகள் கிடைக்கும். இத்தனையில் சில 1.618-ஐ ஒட்டி விழாத முகமே இராது. தயவுசெய்து அதைக் கைவிட்டு, இடம், திசை, அளவு ஆகிய மூன்றின் வேறுபாட்டையும் நீக்கி வடிவத்தை மட்டும் ஒப்பிடும் புரோக்ரஸ்டஸ் முறையைக் கையாளுங்கள்.

அழகு மதிப்பெண் முகத்திலிருந்து வருவதன்று, பார்ப்பவர்களிடமிருந்து வருவது. ஆகவே மதிப்பிடுவோர் குழு ஒன்று உங்களுக்குக் கட்டாயம் தேவை. பல முகங்களைக் கலந்து உருவாக்கிய சராசரி முகம் தனி முகங்களைவிடக் கவர்ச்சியானதாக மதிப்பிடப்பட்டது என்று உளவியலாளர்கள் லாங்லாய், ராக்மன் இருவரும் 1990-இல் காட்டினார்கள். ஆனால், ஒளிப்படங்களைக் கலக்கும்போது தோலின் மாசுமருக்களும் மறைந்துபோகும் என்பதால், விரும்பப்பட்டது வடிவமா, வழுவழுப்பான தோலா என்ற ஐயம் எழுந்தது. நிறத்தை நீக்கி வடிவத்தை மட்டும் காட்ட முடிவதால், இந்தக் கேள்விக்கு முப்பரிமாணப் பதிவு மிகவும் ஏற்றது.

கேட்டவர்:
மிக்க நன்றி. பொன்விகிதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால், மையால் வைத்த புள்ளிகள் மதிப்பிடுவோரின் கண்ணை உறுத்தாதா?

மறுமொழி 2:
உறுத்தாது. மை நிறப் பதிவில்தான் இருக்கும். நிறம் நீக்கிய சாம்பல் உருவத்தில் அது தெரியாது.