வியெல் த்ரோம்பெத் தந்திக்குக் கேப்போ தேவையா?

நரம்புப்பிரியன்:
பிரான்சில் வியெல் என்று சொல்லும் ஹர்டி-கர்டியில், த்ரோம்பெத் தந்திக்குக் கேப்போ, அதாவது தந்தியின் அதிரும் நீளத்தைக் குறைத்துச் சுருதியை ஏற்றும் கொக்கி, வைப்பதை நான் ஏற்கவில்லை. புதியவர்களுக்காக ஒரு வரி: கைப்பிடியைச் சுற்றினால் ரோசின் பூசிய மரச்சக்கரம் தந்திகளை வில் போல உரசும். சில தந்திகளில் சாவி அழுத்தி மெட்டு வாசிப்போம், மற்றவை சுருதி. அவற்றில் த்ரோம்பெத்தின் குதிரை (தந்தியைத் தாங்கும் கட்டை) மட்டும் ஒரு பக்கம் தளர்வாக நிற்கும். சுற்றும்போது மணிக்கட்டைச் சட்டென்று உதறினால் அது பலகையில் அதிர்ந்து 'ஸ்ர்ர்' என்று தாளம் போடும். இந்தத் தளர்வான குதிரையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'நாய்' என்கிறார்கள்.

அந்த நாய் எப்போது குரைக்கும் என்பது மயிரிழைச் சமாசாரம். கொக்கியில் மாட்டினால் தந்தி பக்கவாட்டில் நகர்கிறது, அழுத்தம் மாறுகிறது. போன மாதம் ஒரு நடன இரவில் சி சுருதியிலிருந்து ஜி சுருதிக்கு மாறினேன். பூரே நடனம் பாதியில் இருக்கும்போது தாளம் ஊமையாகிவிட்டது, ஆடியவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிருடையைத் திருகிச் சுருதி சேர்ப்பதுதான் சரியான வழி.

தச்சுப்பட்டறை:
அண்ணா, பிருடையைத் திருகினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? சி-யில் வாசிக்கும்போது த்ரோம்பெத் ஷட்ஜம். ஜி-க்குப் போனால் அது டி ஆக வேண்டும், அதாவது ஜி-யின் பஞ்சமம். சி-யிலிருந்து டி ஒரு முழு ஸ்வரம் ஏற்றம், அதிர்வெண் 9/8 மடங்கு. அதே நீளத் தந்தியில் இழுவிசை அதன் வர்க்கமாக ஏறும்: 81/64, ஏறக்குறைய 27 சதவீதம் கூடுதல். அத்தனை பாரமும் உங்கள் நாயின் தலையில்தான் இறங்கும். நரம்புத் தந்தியாக இருந்தால் அறுந்தே போகலாம்.

கேப்போ நீளத்தைத்தான் குறைக்கிறது. அதிரும் நீளம் 36 செ.மீ. என்றால் மேருவிலிருந்து (பிருடைப் பக்கம் தந்தி தாங்கி நிற்கும் முனை) 4 செ.மீ. தள்ளிக் கொக்கி. மாட்டும்போது தந்தி கொஞ்சம் இழுபடுவதால் நான் ஒரு இழை மேருப் பக்கமாகவே துளை போடுவேன்.

நரம்புப்பிரியன்:
கணக்கு சரி. ஆனால் என் தாளம் நின்றதும் உண்மைதானே?

தச்சுப்பட்டறை:
உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. நாய் குரைப்பதைச் சரிசெய்யத் த்ரோம்பெத்தில் ஒரு நூல் கட்டி, வால்பக்கச் சின்ன முளையில் சுற்றியிருக்குமே, திரான் என்பார்கள். கொக்கி மாட்டியதும் அதை முறுக்கிப் பார்த்தீர்களா? தம்புராவில் ஜீவா நூலை நகர்த்தி ரீங்காரம் தேடுவது போலத்தான், ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துப் பார்க்க வேண்டும். கொக்கியின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் நரம்பைத் தின்றுவிடும், உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள்.

சுருதிக்காரி:
இரண்டு பேருமே ஒற்றைத் த்ரோம்பெத்தை வைத்துப் பேசுகிறீர்கள். என் வாத்தியத்தில் இரண்டு, ஒன்று சி, ஒன்று டி. வேண்டாததைச் சக்கரத்திலிருந்து விலக்கி வைப்பேன். கொக்கியும் இல்லை, பிருடைச் சண்டையும் இல்லை.

தச்சுப்பட்டறை:
புது வாத்தியம் செய்யச் சொன்னால் அதற்கு நான் முழுச் சம்மதம், அக்கா. பழைய வாத்தியத்தில் இன்னொரு தந்தி ஏற்ற மாட்டேன். பிரான்சின் பெர்ரி, ஒவெர்ன் பக்கத்து வீடுகளில் கிடைக்கும் பழைய வியெல்களின் மேல்பலகை ஏற்கெனவே அமுங்கியிருக்கும், கூடுதல் பாரம் அதற்கு வேண்டாம். அப்புறம் பராமரிப்பு: ஒவ்வொரு தந்திக்கும் சக்கரம் தொடும் இடத்தில் பஞ்சு சுற்ற வேண்டும், ஒவ்வொரு நாய்க்கும் தனியாகத் திரான் சரிபார்க்க வேண்டும்.

சுருதிக்காரி:
பஞ்சு சுற்ற ஐந்து நிமிடம். கூட்டம் காத்திருக்கும்போது வியர்வைக் கையோடு கொக்கி மாட்டுவதைவிட அதுவே மேல் என்பேன்.

நரம்புப்பிரியன்:
திரானை நான் தொடவே இல்லை, அது என் தவறு. நேற்றிரவு கொக்கி மாட்டியபின் முளையைக் கால் சுற்று முறுக்கினேன், நாய் மறுபடி பேசியது. ஆனால் சி-க்குத் திரும்பியதும் விடாமல் குரைத்தது, மறுபடி தளர்த்த வேண்டியிருந்தது. மேடையில் கொக்கி, முளை என்று இரண்டு வேலை எனக்கு ஒத்துவராது. பாட்டு வரிசையை மாற்றி, ஜி பூரேக்களை எல்லாம் இடைவேளைக்குப் பின் வைக்கப் போகிறேன்.