கனடா: அனுமதியில் பிராம்ப்டன், வேலைக்கு அழைப்பது லண்டன் கிளைக்கு

கேள்வி: எல்எம்ஐஏ (வெளிநாட்டுத் தொழிலாளரை வேலைக்கு எடுக்க முதலாளி பெறும் அரசு மதிப்பீடு) மூலம் வந்த சமையல்காரர். பணி அனுமதியில் வேலையிடம் பிராம்ப்டன் என்று அச்சாகியிருக்கிறது. அதே முதலாளி, ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரக் கிளையில் வாரம் இரண்டு நாள் நிற்கச் சொல்கிறார். போகலாமா?

பதில்: அனுமதித் தாளின் கீழ்ப்பகுதியில் நிபந்தனைகள் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். குறிப்பிட்ட இடம் தவிர வேறிடத்தில் வேலை கூடாது என்றிருந்தால், முதலாளி ஒருவரே ஆனாலும் அது மீறல்தான். இரண்டு நாள், இரண்டு மணி நேரம் என்ற சலுகையெல்லாம் இல்லை. முறையான வழி: லண்டன் முகவரிக்கும் செல்லுபடியாகும் எல்எம்ஐஏவை முதலாளி பெறவேண்டும். பிறகு நீங்கள் ஐஎம்எம் 5710 படிவத்தில், 155 டாலர் கட்டி, இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதிய அனுமதி கைக்கு வரும்வரை பிராம்ப்டன் மட்டுமே.

பதில்: பலர் சறுக்குவது இங்கேதான். காலாவதிக்கு முன் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால் தொடர்ந்து வேலை செய்யலாம் என்பது சரி. ஆனால் பழைய நிபந்தனைகளின்படிதான், பழைய இடத்தில்தான்.

பதில்: ஏற்கெனவே போய்விட்டவர்கள் பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். வேலையிட நிபந்தனையை மீறியதால் கனடாவில் தற்காலிகமாகத் தங்கும் சட்ட நிலையை இழந்தவர் 90 நாட்களுக்குள் நிலை மீட்புக்கு விண்ணப்பிக்கலாம். முதலாளிக்கோ ஒரு மீறலுக்கு 1,00,000 டாலர் வரை அபராதம் உண்டு. மிரட்டிப் போகச் சொல்கிறாரா? குறுஞ்செய்தி, வேலை அட்டவணை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சேமியுங்கள். துன்புறுத்தலுக்கு ஆளான தொழிலாளருக்கான திறந்த பணி அனுமதிக்கு இவையே சான்று. அதற்குக் கட்டணமும் இல்லை.