ரியாக்டா, வியூவா, ஆங்குலரா? பூ விலை ஆப் பாதியில நிக்குது, உதவி வேணும்

தோவாளைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, அப்பாவுக்கு தோவாளை பூச்சந்தையில கடை. ஆறு மாசமா வெப் டெவலப்மென்ட் படிக்கேன். ஒரு இடத்துல ஃபீஸ் கட்டி சேர்ந்தேன், 45 நாள்ல எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட் எல்லாம் ஓடிப்போச்சு, அதுல ஜாவாஸ்கிரிப்டுக்கு நாலே கிளாஸ். அப்புறம் யூடியூப்தான். ஜாவாஸ்கிரிப்ட்ல வெப் ஆப் கட்ட ரெடிமேடா கிடைக்குற ஃப்ரேம்வொர்க் பல இருக்குல்லா, ஒரு ஆளு அதுல ரியாக்ட் படிங்காரு, இன்னொருத்தரு பெரிய கம்பெனிக்கு ஆங்குலர்தான்னு சொல்லுகாரு, அடுத்தவரு வியூதான் ஈஸிங்காரு, எனக்கு ஒரே வெப்ராளமா இருக்கு.

சொந்தமா ஒண்ணு செய்யலாம்னு அப்பாக்க நோட்டை ஆப்பா மாத்த ஆரம்பிச்சேன். அப்பா பிச்சி, மல்லி, கேந்தி, அரளின்னு வரிசையா எழுதி பக்கத்துல விலை போடுவாவ, விலை மாறுனா பழையதை அடிச்சிட்டு புதுசு எழுதுவாவ, முகூர்த்த நாள்னா பிச்சிக்கு நேரே மட்டும் அஞ்சு அடிப்பு கிடக்கும். ரியாக்ட்லதான் செய்தேன். ரெண்டு இடத்துல மாட்டிக்கிட்டேன். புது பூ சேர்த்தா கன்சோல்ல (பிரவுசர்ல கோடை சோதிச்சு பாக்குற இடம்) லிஸ்ட்ல வருது, ஸ்கிரீன்ல வரல. 200 ரூபாயில 50 கூட்டுனா 20050ன்னு காட்டுது. ரியாக்டை விட்டுட்டு வியூவுக்கு போயிரட்டா?

கழக்கூட்டம் ட்ரெயின்:
தம்பி, இதுக்காக ஃப்ரேம்வொர்க் மாத்தாண்டாம். நான் டெய்லி நாகர்கோவில்ல இருந்து ட்ரெயின் பிடிச்சு திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி கம்பெனிக்கு போற ஆளு, ரியாக்ட்லதான் வேலை, நானும் இதே ரெண்டுலயும் மாட்டியிருக்கேன்.

20050 ரியாக்டோட தப்பே இல்ல. இன்புட் பெட்டியில டைப் பண்றது கைக்கு வரும்போது ஸ்ட்ரிங்காதான் வரும், கண்ணுக்கு 200ன்னு தெரிஞ்சாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது வெறும் எழுத்து, எழுத்துக்கு நடுவுல கூட்டல் குறி போட்டா ஒட்டி வச்சிரும். நம்பர் ஃபங்ஷன்ல போட்டு மாத்திட்டு கூட்டுங்க, 250 வரும்.

லிஸ்ட் விஷயம், நீங்க புஷ் பண்ணி, அதாவது பழைய அர்ரேக்க (லிஸ்ட்டுக்க) கடைசியிலயே பூவை சேர்த்துட்டு, அதே அர்ரேயை திரும்ப செட் பண்றீங்கன்னு நினைக்கேன். அப்பா நோட்டுலயே வச்சு பாருங்க. அதே நோட்டுல இன்னொரு வரி எழுதி திரும்ப நீட்டுனா ரியாக்ட் உள்ள திறந்து படிக்காது, முன்னாடி குடுத்த அதே நோட்டா, வேற நோட்டான்னு மட்டும்தான் பாக்கும், அதே நோட்டுன்னா ஒண்ணும் மாறலன்னு விட்டுரும். அதனால மூணு புள்ளி போட்டு பழைய லிஸ்ட்டை புது அர்ரேக்குள்ள விரிச்சு, கடைசியில புது பூவை சேர்த்து, அந்த புது அர்ரேயை செட் பண்ணுங்க. விலை மாத்தும்போதும் இதே கணக்குதான், ஒவ்வொண்ணா பாத்து புது அர்ரே குடுக்குற மேப் போட்டு, அந்த ஒரு பூவுக்கு மட்டும் புது ஆப்ஜெக்ட் (பேரும் விலையும் சேர்ந்த பொட்டலம்) குடுக்கணும்.

ஒரு மாசம் ரியாக்டை மூடி வச்சிட்டு ஜாவாஸ்கிரிப்ட்ல அர்ரே, ஆப்ஜெக்ட், ஃபங்ஷன், ப்ராமிஸ் (பதில் பிறகு வாற வேலைக்கு உள்ளது) இதுல மட்டும் உக்காருங்க. நாலு கிளாஸ்ல அது ஏறாது, உங்க மேல குறை இல்ல.

மார்த்தாண்டம் அக்கா:
ஜாவாஸ்கிரிப்ட் முதல்லன்னு சொன்னது நூறு சதவீதம் சரி, ஆனா ரியாக்டை விடாண்டாம்னு அவ்வளவு உறுதியா சொல்ல மாட்டேன். நான் பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வீட்டுல இருந்தே படிச்சது வியூ, இப்ப ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு எடை கணக்கு பக்கம் அதுலதான் செய்து குடுத்திருக்கேன். வியூ 3 உள்ள ப்ராக்ஸின்னு ஒரு காவலாளி மாதிரி வச்சு லிஸ்ட்டை கவனிச்சுக்கிட்டே இருக்கும், நீங்க புஷ் பண்ணுனாலே ஸ்கிரீன் மாறிரும், அந்த நோட்டு குழப்பமே வராது. புதுசா வாற ஆளுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனா வேலைக்கு அலையுறீங்கன்னா ரியாக்ட் கேக்குற இடம்தான் கூட, அதை ஒளிச்சு வைக்க முடியாது. ஆங்குலரை பத்தி ஒண்ணு சொல்லணும். 2010ல வந்தது ஆங்குலர்ஜேஎஸ், 2016ல அதை அடியோட மாத்தி ஆங்குலர் 2ன்னு விட்டாங்க, பழையதை படிச்சு வச்சவங்க எல்லாம் முதல்ல இருந்து படிக்க வேண்டியதாச்சு. அப்பவும் ஜாவாஸ்கிரிப்ட் நல்லா தெரிஞ்சவன் சீக்கிரம் ஏறி வந்துட்டான். தம்பி பாதி செய்தாச்சுல்லா, இந்த ஆப்பை ரியாக்ட்லயே முடிங்க, முடிச்ச பிறகு அதே ஆப்பை வியூல ஒரு தடவை செய்து பாருங்க. ரெண்டு நாள் வேலைதான்.

குளச்சல்:
ஒரு விஷயம் விட்டுட்டாங்க. பாக்குற வீடியோ எந்த வருஷம்னு பாத்துக்கோங்க. கோட்ல கிளாஸ்னு எழுதி திஸ் திஸ்னு போட்டா அது 2019க்கு முந்தின ஸ்டைல், அந்த வருஷம்தான் கிளாஸ் இல்லாம வெறும் ஃபங்ஷன்லயே எழுத விடுற ஹுக்ஸ் வந்துச்சு. புது ஆப் தொடங்க உள்ள கிரியேட் ரியாக்ட் ஆப்ங்குற டூல் வச்சு தொடங்குறதும் வேண்டாம், 2025 பிப்ரவரியில ரியாக்ட் டீமே அதை நிறுத்தியாச்சு, அதே வேலைக்கு உள்ள வீட்ங்குற டூல் வச்சு தொடங்குங்க. லிஸ்ட்ல கீயா (ரியாக்ட் ஒவ்வொரு வரியையும் அடையாளம் பாக்குறது) இண்டெக்ஸ் நம்பர், அதாவது வரிசை நம்பர் போடாதீங்க, ஒவ்வொரு பூவுக்கும் தனி ஐடி குடுங்க. எனக்கு மீன் ஏலக் கணக்கு ஒண்ணுல ஒரு வரியை டெலீட் பண்ணுனதும் சாளைக்கு அடிச்ச கிலோ நெத்திலி பெட்டியில போய் நின்னுச்சு, காரணம் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போச்சு.

தோவாளைக்காரன்:
அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புஷ்ஷை எடுத்துட்டு மூணு புள்ளி போட்டேன், பூ உடனே வந்துச்சு, கொஞ்ச நேரம் சும்மா கேந்தி கேந்தின்னு சேர்த்துக்கிட்டே இருந்தேன். 250 சரியா வருது. ஐடியும் குடுத்தாச்சு.

இன்னைக்கு விடிய முன்னாடியே சந்தைக்கு கொண்டு போய் அப்பாகிட்ட போனை குடுத்தேன். பனியில நனைஞ்ச கையி, ஸ்கிரீன் தொட்டா எடுக்கல, வேட்டியில துடைச்சிட்டு திரும்ப தொட்டு பிச்சி விலையை அவங்களே மாத்துனாவ. "கொள்ளாம் மக்கா, ஆனா அடிச்ச விலை எங்க?"ன்னு கேட்டாவ. நோட்டுல பழைய விலை அடிப்புக்கு கீழ தெரியும், அதை பாத்துதான் ஏறுதா இறங்குதான்னு முடிவு பண்ணுவாவளாம். என் ஆப்ல பழைய விலை போயே போச்சு. ரிஃப்ரெஷ் பண்ணுனா எல்லாமே போகுது. இதுக்கு என்ன செய்யணும்?

கழக்கூட்டம் ட்ரெயின்:
அப்பா சரியான கேள்வி கேட்டிருக்காவ. விலைன்னு ஒரு நம்பர் வைக்காம, ஒவ்வொரு பூவுக்கும் விலைகள்னு ஒரு அர்ரே வைங்க, நேரத்தோட சேர்த்து. கடைசியில இருக்குறது இப்ப உள்ள விலை, அதுக்கு முந்தினதை கோடு போட்டு காட்டுங்க. ரிஃப்ரெஷுக்கு இப்போதைக்கு பிரவுசருக்குள்ளயே சேர்த்து வைக்குற லோக்கல் ஸ்டோரேஜ் போதும், அதுவும் ஸ்ட்ரிங் மட்டும்தான் வாங்கும், ஜேசான் ஸ்ட்ரிங்கிஃபை போட்டு ஸ்ட்ரிங்கா மாத்தி வச்சு, ஜேசான் பார்ஸ் போட்டு திரும்ப லிஸ்ட்டா எடுங்க. ஆனா அது அந்த ஒரு போன்ல மட்டும்தான் இருக்கும், கடையில இன்னொரு ஆளு போன்லயும் தெரியணும்னா சர்வர் வேணும். முதல்ல இதை முடிச்சிட்டு வாங்க, அதை தனியா பேசுவோம்.